நட்டுவிட்டு மறக்கிற செடியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில் வெடெலியாவை 'நட்டுவிட்டு மறந்துவிடலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். தரையில் படுகிற கணுவெல்லாம் வேர்விடும் கொடி அது. ஒரு வடகிழக்குப் பருவமழை போதும், மதிலைத் தாண்டிவிடும். வெட்டிய கொடியைக் காலி மனையில் போடலாம் என்ற யோசனை வேறு! கணுவோடு விரல்நீளத் துண்டு ஈரத்தில் கிடந்தால் அதுவே அடுத்த புதர். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு அயல் உயிரினங்கள் பட்டியலில் உண்ணிச்செடியோடு இதுவும் இருப்பது தாங்கள் அறியாததல்ல.

படத்தின் கீழே 'மஞ்சள் கரிசலாங்கண்ணி' என்று போட்டது யார்? பூ இரண்டுக்கும் மஞ்சள், அவ்வளவுதான். கரிசலாங்கண்ணி இலை ஒடுங்கி நீண்டிருக்கும். வெடெலியா இலை தடித்துப் பளபளப்பாக, இருபுறமும் மடல் பிரிந்திருக்கும். யாராவது கீரையென்று பறித்துப் பொரியல் செய்தால் ஆசிரியர் குழு வந்து பரிமாறுமா?

அகற்றும் வழியையாவது எழுதியிருக்கலாம். மழை விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது களைக்கொத்தால் தூக்கி, அறுந்த கணுக்களையும் பொறுக்கி, மொட்டைமாடியில் மொறுமொறுவெனக் காயவிட்ட பிறகுதான் உரக்குழியில் போடவேண்டும். துளிர்க்கத் துளிர்க்க மறுபடி பிடுங்கவேண்டும். வளர்த்தே தீருவேன் என்பவர்களுக்குத் தொட்டி. அதையும் செங்கல் மேல் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அடி ஓட்டை வழியே வேர் மண்ணில் இறங்கிவிடும்.

கோரைக்குக் கல்லுப்புத் தூவச் சொன்னதும் இதே பகுதிதான். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கிற ஊரில்! கோரை சாகுமுன் பக்கத்துச் செம்பருத்தி செத்துவிடும். பிறகு 'மேலோடு கொத்திவிடுங்கள்' என்றீர்கள். கொத்தினால் சங்கிலியாய்க் கோத்திருக்கும் கிழங்குகள் அறுபட்டுத் தனித்தனியே முளைக்கும். கோடையில் முக்கால் அடி ஆழம் புரட்டி, சல்லடையில் சலித்துக் கிழங்கைப் பொறுக்கி வெயிலில் காயப்போட வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பையே குத்திக்கொண்டு வருகிற கோரைக்கு நிழல் ஆகாது. அந்த இடத்தில் தட்டைப்பயறை நெருக்கி விதைத்தால் மெலியும். லோடு செம்மண்ணோடுதான் பல வீடுகளுக்குக் கோரைக்கிழங்கு இலவசமாக வந்துசேர்கிறது. சலிக்காமல் கொட்டாதீர்கள் என்று ஒரு வரி உண்டா?

படக்குறிப்புக்குத் திருத்தம் போடுங்கள். இனி எந்தச் செடியைச் சொன்னாலும் 'தொட்டிக்கா, தரைக்கா' என்று ஒரு வரி சேருங்கள். இடமில்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பொறுமையுள்ள வாசகர்,
திருவான்மியூர், சென்னை - 41