துணை

மீனாட்சி துணை

மதுரை

அன்பு பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நலம்தானே?

போன வாரம் போனில், "தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று இவன் கேட்கிறான், நீயே சொல்லம்மா" என்றாய். எனக்குச் சட்டென்று வார்த்தை வரவில்லை. "அச்சகத்தில் கம்போசிட்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. நாற்பது வருடத்துக்கும் மேலான உழைப்பை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டேனே என்று மனம் அடித்துக்கொண்டது. அப்பாவின் முதல் திதி வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

1964இல், 14 வயதில் அப்பா அந்த அச்சகத்தில் சேர்ந்தார். கம்போசிட்டர் என்றால் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பக்கம் அமைப்பவர். ஆனால் முதல் வருடம் எழுத்துக் கோக்க விடவில்லையாம். அடித்து முடித்த பாரத்தை, அதாவது கோத்து வைத்த பக்கத்தைப் பிரித்து, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போடுவதுதான் வேலை. கு, கூ, டி, டீ என்று தமிழில் எத்தனை வடிவங்கள்! ஒவ்வொன்றுக்கும் கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியில் தனி அறை. ஓர் எழுத்து அறை மாறி விழுந்தால் மறுநாள் யாரோ ஒருவருடைய பெயர் தப்பாகிவிடும் என்பார். வீட்டிலும் சாவிக்கு ஓர் ஆணி, கத்தரிக்கோலுக்கு ஓர் ஆணி. கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த ஆணிகளில் எதை எடுத்தாலும் உடனே மாட்டிவிடுகிறேன்.

1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது நீ பிறக்கவில்லை. பெரியார் 1935இலேயே தம் 'குடி அரசு' இதழில் கையாண்ட எழுத்துமுறைதான் அது. அதுவரை லை, ணை, னை எல்லாம் தலைக்கு மேல் யானைத் துதிக்கை வளைந்தது போல ஒரே அச்சாக இருந்தன. இனி ஐகாரக் கொம்பைத் தனியாக முன்னால் வைக்க வேண்டும். ஓர் அச்சு போட்ட இடத்தில் இரண்டு. றா, னாவுக்கும் அப்படியே கால் தனி. பழைய அறைகள் சும்மா கிடக்க, கொம்பும் காலும் பாதிப் பக்கத்திலேயே தீர்ந்துவிடுமாம். 14 வருடம் கண்ணை மூடிக்கொண்டு போன கை, பழைய அறைக்கே போய்விட்டுத் திரும்பியது என்றார். ஆனாலும் ஒருநாள்கூட அதைக் குறை சொல்லவில்லை. "படிக்கிற பிள்ளைகளுக்குச் சுலபம்" என்பார். நான்தான் இன்னும் துதிக்கை போட்டே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் பேரனுக்குப் படித்துக் காட்டும்போது நீ கொஞ்சம் தடுமாறுவாய்.

ஒன்று உன்னிடம் சொன்னதே இல்லை. உனக்கு மூன்று வயதிருக்கும். ஒரு கருமாதிப் பத்திரிகையில் இறந்தவரின் பெயரில் ளகரத்துக்கு லகரம் விழுந்துவிட்டது. புரூப் பார்த்துப் பிழை திருத்தியவரும் கவனிக்கவில்லை, வாங்கிப் போனவர்களும் கவனிக்கவில்லை. மாலையில் எழுத்தைப் பிரிக்கும்போதுதான் அப்பா கண்ணில் பட்டிருக்கிறது. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு துக்க வீட்டுக்கே போய், மன்னிப்புக் கேட்டு, இருநூறையும் இரவோடு இரவாக மறுபடி அடித்துக் கொடுத்தார். தாள் காசு சம்பளத்தில் பிடித்தம். அந்த வாரம் உனக்குப் பால் வாங்கக்கூடக் கடன். நான் பேசாத பேச்செல்லாம் பேசினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அந்தம்மா புருஷன் பேரைக் கடைசியாக அச்சில் பார்ப்பது அதுதானே" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை. போன வருடம் உன் அப்பாவுக்குப் பத்திரிகை அடித்தபோது, பெயரை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தேன்.

கம்ப்யூட்டரும் ஆப்செட்டும் வந்ததும் அச்சகத்தில் ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். முப்பது வருடம் உழைத்தவருக்குக் கையில் கொடுத்தது இரண்டு மாதச் சம்பளம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. உனக்குத் தெரியக் கூடாது என்று ஒரு மாதம் தினமும் அதே நேரத்துக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஊரில் உள்ள அச்சகம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிய பிறகு, ஒரு சிறிய இடத்தில் புரூப் பார்க்கிற வேலை கிடைத்தது. சம்பளம் பாதிதான். அப்போதும் சனிக்கிழமை கூலி வாங்கினால் எனக்கு இரண்டு முழம் மல்லிகை நிற்கவில்லை. உன் பள்ளிக்கட்டணமும் ஒரு தவணை தவறவில்லை.

உன் கல்யாணப் பத்திரிகையைப் பற்றி உனக்கே தெரியும். எல்லோரும் பளபளப்பாக அடித்த காலம். இவர் மட்டும், டிரெடில் என்கிற பழைய அச்சு இயந்திரம் இன்னும் ஓடிய ஓர் அச்சகத்தைத் தேடிப் பிடித்து, மூன்று இரவு உட்கார்ந்து தன் கையால் கோத்தார். வெள்ளெழுத்துக் கண்ணாடி, அதன் மேல் ஒரு பூதக்கண்ணாடி. உனக்கு இது கொஞ்சம் வருத்தம்தான், மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று. இப்போது அந்தப் பத்திரிகையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார்.

அப்பாவின் பெட்டியை நேற்றுத்தான் திறந்தேன். கையில் பிடித்து எழுத்துக் கோக்கிற ஸ்டிக் இருந்தது. ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து மூன்று எழுத்து: து, இரண்டு ணை. ஒரு ணை பழையது, துதிக்கை போட்டது. இன்னொன்று இரண்டு துண்டாக, கொம்பும் ணகரமும். எடைக்குப் போட்ட அன்று முதலாளியிடம் கேட்டு வாங்கினாராம். எப்போதோ சொல்லியிருக்கிறார், நான்தான் காதில் வாங்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் அடுத்த மாதம் அங்கே வருகிறான். தீப்பெட்டியைக் கொடுத்து அனுப்புகிறேன். எழுத்து திரும்பி இருக்கும். பேரனை முதலில் கண்ணாடியில் பிடித்துப் படிக்கச் சொல். பிறகு மை தொட்டுத் தாளில் அழுத்தட்டும், நேராக விழும். ஈயம், அதனால் தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவச் சொல். உன்னை மடியில் வைத்துக்கொண்டு அப்பா அப்படித்தான் கழுவிவிடுவார்.

அன்புடன்,
அம்மா