சதுரங்கப் பலகையின் இருபது இலக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில் சதுரங்கப் பலகையும் நெல்மணிகளும் கதை வந்திருந்தது. முதல் கட்டத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு என்று 64 கட்டத்துக்கும் இரட்டித்துக்கொண்டு போனால் அரசனின் களஞ்சியம் காணாது என்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதைதான். கட்டுரை “கோடானுகோடி” என்று சொல்லி நின்றுவிட்டது. அந்த எண்ணை முழுதாக அச்சிட்டிருக்க வேண்டும். இருபது இலக்கம், ஒரு வரிக்குள் அடங்கும்: 18446744073709551615.

கண்ணால் பார்த்தால்தானே பிள்ளைக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தோன்றும்! கடைசி இலக்கம் 5, ஆகவே 5ஆல் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 87, ஆகவே 3ஆலும் வகுபடும். மிச்சத்துக்கு வகுப்பில் படித்த இரு வர்க்கங்களின் வித்தியாசமே போதும். இந்த எண் 2இன் 64ஆம் வலுவை விட ஒன்று குறைவு. எனவே 2இன் 32ஆம் வலுவில் ஒன்றைக் கழித்தது ஒரு காரணி, ஒன்றைக் கூட்டியது மற்றது. கழித்ததைத் திரும்பவும் அதே மாதிரிப் பிரிக்கலாம். அப்படியே இறங்கிக்கொண்டு வந்தால் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்ற ஆறு எண்கள் கிடைக்கும். ஆறையும் பெருக்கினால் பலகையிலுள்ள அத்தனை நெல்லும் வந்துவிடும். எனக்கு இது கதையை விடப் பெரிய அதிசயம்.

முதல் ஐந்தும் முதன்மை எண்கள். 2இன் 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துப் போகும் வலுக்களுடன் ஒன்றைக் கூட்டிய இந்த வரிசையில் வருவதெல்லாம் முதன்மை எண்தான் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா நம்பினார். ஆறாவது 641ஆல் வகுபடும் என்று 1732இல் சுவிஸ் கணிதவியலாளர் ஒயிலர் காட்டினார். அந்த ஆறாவது எண்ணுக்கு முதன்மைக் காரணி இருந்தால் அது 64இன் மடங்கொன்றுடன் 1 கூட்டியதாகவே இருக்கவேண்டும் என்பதைப் பின்னர் அவரே நிறுவினார். அப்படியானால் சோதிக்கவேண்டிய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே பிடிபட்டுவிடுகிறது. அப்புறம் அந்த 17: பதினேழு பக்க ஒழுங்கான பல்கோணியைக் கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் கொண்டு அமைக்கலாம் என்று 1796இல் ஜெர்மன் கணிதவியலாளர் கவுஸ் கண்டபோது அவருக்கு வயது 18. எங்கள் உயர்தர மாணவர்களின் வயது.

இங்கே யாழ்ப்பாணத்தில் ரியூசன் வகுப்புகளில் பிள்ளைகள் காரணிப்படுத்தலை நூறு தரம் செய்கிறார்கள், எல்லாம் சோதனைப் புள்ளிக்காகத்தான். அதே வழியால் இருபது இலக்க எண்ணொன்றைத் தங்கள் கையாலேயே உடைக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அதைத் தங்கள் பத்திரிகை சொல்லலாம். அடுத்த மாணவர் பக்கத்தில் 4294967297ஐக் கணிப்பான் இல்லாமல் 641ஆல் வகுக்கச் சொல்லிக் கேளுங்கள். விடை 6700417. அதுவும் முதன்மை எண்தானா என்பதை உயர்தரப் பிள்ளைகளுக்கு விடலாம்.

வாசகர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.