ட்ரைபாட் வாங்கப் போகிற மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ கேட்டது சின்னக் கேள்விதான். "கேமராவுக்கு ஒரு கிலோவுக்குள்ள ஒரு ட்ரைபாட் பார்த்து வச்சிருக்கேன்பா, எட்டு கிலோ தாங்குமாம், வாங்கிடவா?" நான் பதில் சொல்ல ஆரம்பித்து இருபது நிமிஷம் ஆகியும் முடித்தபாடில்லை. நடுவில் நீ "ம்... ம்..." என்று சொன்ன விதத்திலேயே உனக்கு வேறு வேலை இருக்கிறது என்று புரிந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அப்புறம் படிக்கலாம். அப்பாவை அப்படி மடித்து வைக்க முடியாதே.

முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்தவனிடம் மூன்று காலைப் பற்றிக் கேட்டால் இப்படித்தான் ஆகும். என் ட்ரைபாட், நாங்கள் ஸ்டாண்டு என்போம், மரத்தில் செய்தது, ஆறு கிலோவுக்குக் குறையாது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு மேடு ஏறும்போதெல்லாம் திட்டியிருக்கிறேன். ஆனால் காலை மண்ணில் ஊன்றி, நுனியில் இருக்கும் இரும்புப் பட்டையை மிதித்து இறக்கிவிட்டால், மேலே தியோடலைட், அதுதான் நாங்கள் கோணம் அளக்கும் கருவி, கல்லில் வைத்ததுபோல நிற்கும். அலுமினியம் வந்த பிறகும் துல்லிய வேலைக்கு மரத்தை விடாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. வெயிலில் அலுமினியம் நீளும் அளவுக்கு மரம் நீளாது. வெயில் படும் கால் ஒன்று, நிழலில் இருக்கும் கால் ஒன்று என்றால் கருவியின் ரசமட்டம் மெதுவாக நகர ஆரம்பித்துவிடும். அதற்காகவே கருவிக்குக் குடை பிடிக்க ஓர் ஆள் இருப்பார். எங்களுக்கு யாரும் பிடித்ததில்லை.

உனக்கு அந்தத் துல்லியமும் வேண்டாம், அந்தப் பாரமும் வேண்டாம். இரண்டு மாதம் முதுகில் பையோடு அலையப் போகிறாய். பாரமான ஸ்டாண்டு என்றால் மூன்றாம் நாளே அறையில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவாய், அது எனக்குத் தெரியும். ஆகவே எடை குறைய வேண்டும் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. எதை விட்டுக்கொடுத்து எடையைக் குறைப்பது என்பதில்தான் இருக்கிறது விஷயம். என் பதில் இது: உயரத்தை விட்டுக்கொடு, காலின் தடிமனை விட்டுக்கொடுக்காதே.

ஏன் என்று சொல்கிறேன். பயண ஸ்டாண்டின் கால் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து துண்டுகளாக ஒன்றுக்குள் ஒன்று போகும். துண்டு கூடினால் மடித்த நீளம் குறையும், பைக்குள் அழகாக அடங்கும். ஆனால் ஒவ்வொரு துண்டும் மேலே உள்ளதைவிட மூன்று மில்லிமீட்டர் போல மெலிந்துகொண்டே போகும். மேல் குழாய் 22 மில்லிமீட்டர், துண்டுகள் ஐந்து என்றால், அடியில் இருப்பது சுமார் 10 மில்லிமீட்டர், அதாவது பென்சிலைவிடக் கொஞ்சம் பருமன். குழாயின் விட்டம் பாதியானால், சுவர் அதே கனம் என்றாலும், வளையாமல் நிற்கும் வலு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். நீளத்திலும் அதே கதைதான், இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. அதனால்தான் ஒரே எடையில் இரண்டு ஸ்டாண்டு இருந்தால், நெட்டையான மெலிந்ததை விட்டுவிட்டுக் குட்டையான தடித்ததை எடு என்கிறேன்.

"எட்டு கிலோ தாங்கும்" என்றாயே, அதை நம்பாதே. பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. அதை அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே முறை கிடையாது, அவரவர் கணக்கு அவரவருக்கு. அது போக, உடையாமல் தாங்குவது வேறு, ஆடாமல் தாங்குவது வேறு. கயிற்றுக் கட்டில் இரண்டு பேரைத் தாங்கும், அதன்மேல் தியோடலைட்டை வைக்க முடியுமா? உன் கேமராவும் லென்சும் சேர்ந்து ஒன்றரைக் கிலோதான். அதற்கு எட்டு கிலோ எதற்கு? அந்த ஒன்றரைக் கிலோ காற்றில் எவ்வளவு நேரம் நடுங்கும் என்பதுதான் கேள்வி. அந்த எண்ணைப் பெட்டியில் போட மாட்டார்கள்.

அதை நீயே பார்த்துக்கொள்ளலாம், இரண்டு நிமிஷ வேலை. கடைக்குக் கேமராவைக் கொண்டு போ. கால்களை முழுக்க இழு, கேமராவை இன்னும் உயர்த்த நடுவில் இருக்கும் நடுத்தண்டைத் தூக்காதே. இருப்பதில் நீளமான லென்சைப் போட்டு, தூரத்தில் ஒரு எழுத்துப் பலகையைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கு. இப்போது ஒரு காலை விரல் நுனியால் தட்டு. எழுத்து துள்ளும். துள்ளல் அடங்கும்வரை ஒன்று, இரண்டு என்று மெதுவாக எண்ணு. ஒன்று சொல்லி முடிப்பதற்குள் அடங்கினால் நல்ல ஸ்டாண்டு. மூன்றுக்குப் போனால் நன்றி சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடு. அடுத்து நடுத்தண்டை முழுக்கத் தூக்கிவிட்டு அதே பரீட்சையை வை. நான் சொல்வதைவிட அந்தத் திரை தெளிவாகச் சொல்லும்.

நடுத்தண்டு என்பது மூன்று காலுக்கு மேலே நட்டுவைத்த ஒற்றைக் கால். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஒருமுறை ஏமாந்தேன். நீ ஏழாவது படித்தபோது மலைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பெட்டியில் 160 சென்டிமீட்டர் என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கிய ஸ்டாண்டு. அதில் நாற்பது சென்டிமீட்டர் அந்தத் தண்டு. அதை முழுக்கத் தூக்கி, டைமரை வைத்து, நாம் மூவரும் பாறையில் போய் நிற்க ஓடினோம். காற்றில் ஆடக்கூடாதென்று கீழே கொக்கியில் என் பையையும் மாட்டியிருந்தேன். அந்தப் பையே ஊஞ்சலாடி ஸ்டாண்டைச் சாய்த்துவிட்டது. கேமரா விழும்போது ஷட்டர் விழுந்தது, படத்தில் இருப்பது புல்லும் என் செருப்பும். உன் அம்மா அந்தப் படத்தை இன்னும் ஆல்பத்தில் வைத்திருக்கிறாள், வேண்டுமென்றே. தப்பு ஸ்டாண்டின் மேல் இல்லை. பை அந்தரத்தில் தொங்கக்கூடாது. அடிப்பாகம் தரையை லேசாகத் தொடுகிற மாதிரி கயிற்றை நீட்டிக் கட்ட வேண்டும். அப்போதுதான் எடையும் இருக்கும், ஆட்டமும் இருக்காது.

உனக்கு எவ்வளவு உயரம் போதும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ 160 சென்டிமீட்டர், கண் 148 அல்லது 150இல் இருக்கும். கேமராவின் அடியிலிருந்து கண் வைத்துப் பார்க்கும் துளைவரை ஏழெட்டு சென்டிமீட்டர், அதைத் தாங்கி எந்தப் பக்கமும் திருப்பவிடும் உருண்டைத் தலை, அதாவது பால் ஹெட், ஒன்பது பத்து. கழித்தால் கால் மட்டும் 130 நின்றாலே நீ குனிய வேண்டாம். உன் கேமராவில் திரை மேல்நோக்கித் திரும்பும் இல்லையா, அப்படியென்றால் 120 கூடப் போதும். படம் எடுப்பவர்கள் எல்லோரும் கண்ணுயரத்தில்தான் நிற்கிறார்கள், கொஞ்சம் இறங்கி எடுத்துப் பார். மடித்த நீளம் நாற்பது, நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். விமானத்தில் கையோடு எடுத்துப்போகும் பை பெரும்பாலும் 55 சென்டிமீட்டர்தான், அதற்குள் அடங்கிவிடும். ஆனாலும் டிக்கெட் எடுத்த விமானத்தின் விதியைப் பார்த்துக்கொள், இடத்துக்கு இடம் மாறுகிறது.

எடை? ஹெட்டோடு சேர்த்து 1.2 முதல் 1.5 கிலோ. ஒரு கிலோவுக்குக் கீழே போனால் எங்கேயோ கஞ்சத்தனம் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கார்பன் ஃபைபரா அலுமினியமா என்றும் கேட்டாய். முதல் கார்பன் ஸ்டாண்டை கிட்ஸோ கம்பெனி 1994இல் கொண்டுவந்தது. அன்றைக்கு அது அதிசயம், இன்றைக்கு எல்லோரும் செய்கிறார்கள். ஒரே மாடலில் இரண்டும் இருந்தால் கார்பனில் கால் கிலோ, முந்நூறு கிராம் மிச்சம். நடுக்கமும் சீக்கிரம் அடங்கும், குளிர்காலையில் பிடித்தால் விரல் ஒட்டாது. ஆனால் கூரான கல்லில் ஓங்கி அடித்தால் அலுமினியம் நெளியும், கார்பன் வெடிக்கும். காசு இருந்தால் கார்பன். காசு இழுபறி என்றால் அலுமினியக் கால் வாங்கி, மிச்சத்தை நல்ல ஹெட்டில் போடு. பலரும் காலுக்கு எல்லாம் செலவழித்துவிட்டு ஹெட்டில் கோட்டை விடுகிறார்கள். இறுக்கியபின் லென்ஸ் மெதுவாகத் தலை கவிழ்கிறதே, அது ஹெட்டின் குறை. கடையில் அதையும் பார். இறுக்கி, கையை எடுத்து, திரையில் படம் இறங்குகிறதா என்று கவனி. கேமராவுக்கு அடியில் மாட்டும் தட்டு ஆர்க்கா ஸ்விஸ் அளவில் இருக்கட்டும். தொலைந்தால் எங்கும் கிடைக்கும். தனக்கென்று தனித் தட்டு வைத்திருக்கும் ஹெட் வேண்டாம், பயணத்தில் அது தொலைந்த அன்றே ஸ்டாண்டு ஊன்றுகோலாகிவிடும்.

கால் துண்டுகளைப் பூட்டும் லாக்கில் திருகு, கிளிப் இரண்டும் நல்லதுதான். திருகு என்றால் மடித்த நிலையில் ஒரு காலின் எல்லா லாக்கையும் ஒரே பிடியில் அரைச் சுற்று திருகித் தளர்த்தலாம். கிளிப்பில் ஒரு சௌகரியம், பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். இருட்டில் அது பெரிய விஷயம். கடற்கரையிலோ ஆற்றிலோ நிறுத்துவதானால் அடித் துண்டை முதலில் முழுக்க இழு. அப்போது லாக் தண்ணீருக்கும் மணலுக்கும் மேலே நிற்கும். உப்புத் தண்ணீர் பட்டால் அன்றிரவே நல்ல தண்ணீரில் அலசி, கால்களை நீட்டியபடியே காயவிடு. மணலோடு உள்ளே தள்ளினால் மறுநாள் அந்த நறநற சத்தத்தை நீ மறக்க மாட்டாய்.

நிறுத்தும் விதமும் சொல்லிவிடுகிறேன், இது என் தொழில். சரிவில் இரண்டு கால் இறக்கத்தில், ஒரு கால் ஏற்றத்தில். மட்டமான தரையில் ஒரு கால் லென்ஸ் பார்க்கும் பக்கம் இருக்கட்டும், பாரம் முன்னால் இழுத்தாலும் அது தாங்கும், பின்னால் நீ நிற்க இடமும் கிடைக்கும். தண்டை நிமிர்த்தி மட்டம் பார்க்காதே, காலை நீட்டிக் குறைத்து மட்டம் பார். தடித்த மேல் துண்டை முதலில் இழு, மெலிந்ததைக் கடைசியில். தண்ணீர் இருந்தால் மட்டும் முன்னே சொன்னதுபோல. பட்டனை விரலால் அழுத்துவதே ஒரு ஆட்டம்தான், இரண்டு செகண்டு டைமர் போட்டுக் கையை எடுத்துவிடு. பழைய லென்ஸ் ஏதாவது வைத்திருந்தால் அதிலுள்ள நடுக்கத் தடுப்பை ஸ்டாண்டில் அணைத்துவிடு. ஆடாத இடத்தில் அது இல்லாத ஆட்டத்தைத் தேட ஆரம்பித்துவிடும்.

நட்சத்திரம் எடுக்க வேண்டும் என்றாயே, அதற்குத்தான் உனக்கு ஸ்டாண்டு நிஜமாகத் தேவை. 500ஐ லென்சின் குவியத்தூர மில்லிமீட்டரால் வகுத்தால் எத்தனை செகண்டு திறந்து வைக்கலாம் என்று வரும். உன் 20 மில்லிமீட்டருக்கு 25 செகண்டு. அதற்கு மேல் போனால் பூமி சுற்றுவது படத்தில் கோடாகத் தெரியும். புதுக் கேமராக்களில் பிக்சல் புள்ளிகள் அதிகம் என்பதால் பதினைந்தில் நிறுத்துவது நல்லது. அந்தப் பதினைந்து செகண்டும் ஸ்டாண்டைச் சுற்றி நடக்காதே, மரப்பலகைத் தரையென்றால் மூச்சுகூட மெதுவாக விடு.

பல அருங்காட்சியகங்களிலும் பழைய கட்டடங்களிலும் ஸ்டாண்டை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நின்று வாதாடாதே. அதற்காக இந்தக் கவருக்குள் ஒரு கயிறு வைத்திருக்கிறேன். ஒரு நுனியில் கால் இஞ்ச் போல்ட் இருக்கிறது, கேமராவின் அடித்துளையில் முறுக்கு. மறுநுனியைச் செருப்பால் மிதித்து, கேமராவை மேல்நோக்கி இழுத்துக் கயிறு விறைப்பாக இருக்கும்படி பிடி. ஸ்டாண்டுக்கு ஈடாகாது, ஆனால் வெறுங்கையில் எடுக்க முடியாத பாதிப் படங்களை இதில் எடுத்துவிடலாம். கயிறு உன் கண்ணுயரத்துக்கு வெட்டியது. கேமராவின் துளை ஆழம் ரொம்பக் குறைவு, நீள போல்ட்டைப் போட்டு முறுக்கினால் உள்ளே குத்திவிடும். அதனால்தான் நான்கு வாஷர் கோத்திருக்கிறேன். வேண்டாத இரும்பு என்று நினைத்துக் கழற்றிவிடாதே.

அன்புடன்,
அப்பா