முதலில் உங்கள் வானத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அல்சூரில் டிஷ் மாட்டிப் பிழைக்கும் நம் கடைக்கு இப்போதெல்லாம் அடிக்கடி வரும் கேள்வி, "குடகு எஸ்டேட்டுக்கு சாட்டிலைட் நெட் போடலாமா?" போடலாம். எதைப் போடுவது என்பதில்தான் சிக்கல்.

வீட்டு டிவி டிஷ் மேலிருந்து வரும் சிக்னலை வாங்க மட்டும்தான் செய்யும், மேலே எதையும் அனுப்பாது. அதையே நெட்டுக்கு மாற்றித் தரச் சொல்லாதீர்கள்.

ஏடிஎம் மாடிகளில் இருப்பது விசாட், அதாவது சிக்னலை வாங்கவும் அனுப்பவும் செய்யும் சின்ன டிஷ். அதன் சாட்டிலைட் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நம் கண்ணுக்கு அசையாமல் நிற்கிறது. நீங்கள் கேட்டது மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அதே வழியில் வர அரை நொடி ஆகும். பில் போட, மெயில் அனுப்ப அது போதும். வீடியோ காலில் மட்டும் இருவரும் ஒரே நேரத்தில் பேசித் தொலைப்பீர்கள்.

ஸ்டார்லிங்க், ஒன்வெப் இரண்டும் சாட்டிலைட் நெட் கம்பெனிகள். ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகள் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்வெப் சாட்டிலைட்டுகள் 1,200 கிலோமீட்டரில் சுற்றுகின்றன. பக்கம் என்பதால் தாமதம் தெரியாது. ஆனால் அவை ஓடிக்கொண்டே இருப்பதால் டிஷ்ஷுக்கு விரிந்த வானம் வேண்டும். போன மாதம் ஒரு எஸ்டேட்டுக்குப் போனேன். பங்களாவைச் சுற்றி சில்வர் ஓக், அண்ணாந்தால் இலைதான். காபி காயவைக்கும் களம் ஒன்றுதான் திறந்த இடம். அங்கே கம்பம் நட்டால் கேபிள் செலவு தனி. விசாட்டுக்கு அந்தக் கவலை இல்லை, தெற்கே உச்சி வானில் ஒரு இடைவெளி கிடைத்தால் போதும். அடைமழையில் இரண்டுமே தடுமாறும், அதை மறைத்து விற்க எனக்கு மனசில்லை.

ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் இந்திய உரிமம் கிடைத்தது. அதற்காக யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியை வாங்கி என்னிடம் எடுத்து வராதீர்கள்.

அப்புறம் சாட்டிலைட் போன். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவருவார் என்று ஒருவர் சொன்னார். சாமி, வேண்டாம்! அனுமதி இல்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம், ஏர்போர்ட்டிலேயே பிடிப்பார்கள். தேவை இருந்தால் பி.எஸ்.என்.எல். வழியாக முறைப்படி விண்ணப்பியுங்கள். அதுவும் பேசத்தான், படம் பார்க்க அல்ல.

சரி, விலை கேட்பதற்கு முன் ஒரு வேலை. டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் நின்று, தெற்கே பார்த்து ஒன்று, நேர் மேலே ஒன்று என இரண்டு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மரத்தை விட்டுவிட்டு எடுக்காதீர்கள், எனக்கு அதுதான் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் டிஷ் கடைக்காரர், அல்சூர், பெங்களூரு