ஸ்டேஷன் வரை நடக்க வழி வேண்டும்

ஆசிரியருக்கு,

கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்ட்டியில் நீண்டகாலப் போக்குவரத்துத் திட்டத்தைப் புதுப்பிப்பது பற்றிய செய்தியைப் படித்தேன். 2040ஐ இலக்காகக் கொண்ட திட்டம் 2014இல் ஏற்கப்பட்டது. சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஓடும் பார்ட் ரயில், இந்தக் கவுன்ட்டியில் உள்ள மில்பிடாஸுக்கும் பெரியெசாவுக்கும் வந்ததே 2020 ஜூனில்தான். சான்ஃபிரான்சிஸ்கோவையும் சான் ஹோசேயையும் இணைக்கும் கால்ட்ரெயின் ரயில் மின்சாரத்துக்கு மாறியது 2024இல். ஆகவே புதுப்பிப்பது சரிதான். ஆனால் ரயிலைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, ரயிலடி வரை நடந்துபோகும் வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சென்ற கோடையில் ஊரிலிருந்து என் மாமனார் வந்திருந்தார். கார் ஓட்டத் தெரியாது. எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் ஒரு மைல்கூட இல்லை. பாளையங்கோட்டையில் தினமும் காலையில் அதைப்போல இரண்டு மடங்கு நடப்பவர். முதல் நாளே தொப்பி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாதி வழியில், ஒரு கம்பிவேலியோரம் நடைபாதை சட்டென்று முடிந்துவிட்டது. எதிர்ப்பக்கம் போக ஆறு தடச் சாலை. விளக்கு மாறுவதற்குள் நடுத்திட்டு வரைதான் அவரால் எட்ட முடிந்தது. அப்புறம் ஊர் திரும்பும்வரை சனிக்கிழமைக்காகக் காத்திருந்தார், எனக்கு விடுமுறை என்பதால். புதிய ரயில் தடங்களுக்குப் பணம் ஒதுக்குமுன், ஒவ்வொரு ஸ்டேஷனைச் சுற்றியும் ஒரு மைலுக்கு விடுபட்ட நடைபாதைகளைக் கணக்கெடுத்து, அவற்றை முடிக்கும் ஆண்டையும் திட்டத்திலேயே குறிப்பிட வேண்டும்.

– ஒரு வாசகர், சன்னிவேல்