மல்லிகாவுக்கு ஒரு நீலக் கடிதம்

நிஷி கசாய், டோக்கியோ

அன்புள்ள மல்லிகா,

உன் வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் கேட்டேன். பதில் போடாததற்கு நீ திட்டியதையும் கேட்டேன். போனில் பிடித்தால் ஐந்தாவது நிமிடத்தில் "மெஷின் நிக்குது, வைக்கிறேன்" என்பாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, பையன் ஒசாகாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஆடிப்பெருக்குக்கு உங்கள் பிரஸ்ஸின் காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டாயிற்றா? இந்த வருஷமும் முருகனுக்குப் பின்னால் அதே ஊதா வானம்தானா? தேவகி பார்த்தாளாம். அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மரக்கட்டை அச்சு வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னேன் இல்லையா? எழும்பூர் ஓவியக் கல்லூரியில் லினோ ஷீட்டைச் செதுக்கி, மெஸ் கரண்டியின் முதுகால் தேய்த்து அச்சு எடுத்தோமே, அந்தத் தைரியத்தில்தான் சேர்ந்தேன். செதுக்குவது பரவாயில்லை, கை இன்னும் மறக்கவில்லை. என்னைப் படுத்தி எடுப்பது ஒரு வெற்றுச் சதுரம். கோடு கிடையாது, பூ கிடையாது, மேகம் கிடையாது. மூலைக்கு மூலை ஒரே நீலம். உங்கள் பாஷையில் சாலிட்.

சிரிக்காதே. சாலிட் வேலை வந்த அன்றைக்கு உங்கள் பிரஸ் மெஷின்காரர் பால்பாண்டி அண்ணன் எத்தனை ஷீட்டைக் கசக்கி எறிவார் என்று நானும் பார்த்தவள்தான். அங்கேயாவது உருளை இருக்கிறது, எண்ணெய் மை இருக்கிறது. இங்கே இயந்திரமே கிடையாது. தண்ணீரில் கரைத்த வண்ணம், கஞ்சிப் பசை, ஒரு பிரஷ், ஈரக் காகிதம், அப்புறம் நம் தோள்பட்டை.

வண்ணத்தைக் கட்டையின் மேலேயேதான் கலக்க வேண்டும். இங்கொரு பொட்டு அங்கொரு பொட்டாக வண்ணத்தை வைத்து, நடுவில் கொஞ்சம் நோரி (அதுதான் பசை) வைத்து, குதிரைமுடிப் பிரஷால் வட்டமாகத் தேய்த்துப் பரப்புகிறோம். கடைசியாக மர ரேகை ஓடும் திசையில் லேசாக இழுத்துவிட வேண்டும். அது காய்வதற்குள் காகிதத்தைக் கென்டோவில் பொருத்தி வைக்க வேண்டும். கென்டோ என்பது கட்டையின் ஓரத்திலேயே செதுக்கி வைத்த ரெஜிஸ்டர் குறிதான், காகிதம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காருவதற்கு. அப்புறம் காகிதத்தின் முதுகில் பாரெனை வைத்துத் தேய்க்கிறோம். மூங்கில் மடலை நாராகக் கிழித்துத் திரித்த கயிற்றைச் சுருளாகச் சுற்றி, மேலே முழு மடலைப் போர்த்திக் கட்டிய வட்டுக்குப் பெயர்தான் பாரென். சன்னக் கயிறு கோட்டுக்கு, 12 இழை, 16 இழை என்று தடித்த கயிறு சாலிட்டுக்கு. அசல் பாரென் ஒரு லட்சம் யென்னைத் தாண்டும். என்னுடையது நைலான் கயிறு. என் பிறந்தநாள் எப்போது வருகிறது என்பதை அவருக்கு நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறேன்.

இவ்வளவும் செய்து காகிதத்தை உரித்தால் நீலம் முழுக்க எள்ளை இறைத்த மாதிரி வெள்ளைப் புள்ளி. கோமா-சூரி என்கிறார்கள். வேண்டுமென்றே இந்தப் புள்ளியை வரவழைக்கிறவர்களும் உண்டு. கேட்டால் வரும் புள்ளி வேறு, கேட்காமல் வரும் புள்ளி வேறு. காகிதம் காய்ந்திருந்தால் புள்ளி. பசை குறைந்தால் புள்ளி. கை அழுத்தம் தளர்ந்தால் புள்ளி. கட்டை புதிதாக இருந்தாலும் புள்ளி, அது முதலில் எல்லா ஈரத்தையும் தானே குடித்துவிடும். சரி என்று பசையைக் கூட்டினால் பிரஷ் போன தடம் கோடு கோடாகப் பதிகிறது, காகிதத்தின் நாரும் பிய்ந்து கட்டையோடு நின்றுவிடுகிறது. தண்ணீரைக் கூட்டினாலோ வண்ணம் ஓரத்துக்கு ஓடிப்போய்க் கரை கட்டிக்கொண்டு நடுவில் வெளிறிப்போகிறது. எதைத் தொட்டாலும் இன்னொன்று கோபித்துக்கொள்கிறது. நம் ஹாஸ்டல் அறை எண் பன்னிரண்டை நினைத்துக்கொள்.

பாதிக் குற்றவாளி ஈரம் என்று இப்போது தெரிகிறது. காகிதத்தை முந்தின நாளே நனைத்து, அடுக்கி, காற்றுப் புகாமல் சுற்றி வைத்துவிட வேண்டும். இரவு முழுக்க ஈரம் ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குப் போய்ச் சமமாகும். காலையில் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், ஆனால் விரலில் தண்ணீர் ஒட்டக் கூடாது. கட்டையையும் முன்கூட்டியே நனைக்கிறோம். அப்படியும் முதல் சில தாள்கள் வீண்தான். கட்டை குடித்து நிறைந்த பிறகுதான் வேலை ஆரம்பமாகும். காகிதம் கோஸோ என்ற செடியின் பட்டை நாரில் செய்தது. அதன் மேல் மிருகப் பசையும் படிகாரமும் கலந்து பூசியிருப்பார்கள். பூச்சு குறைவாக இருந்தால் வண்ணம் கசிந்து பரவும், அதிகமானால் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். நீலம் நாருக்குள் இறங்க வேண்டும், மல்லிகா. எங்கள் சென்செய் (வாத்தியார்தான்) அச்சைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார். முதுகுப் பக்கம் நீலம் சமமாகத் தெரிந்தால்தான் முன்பக்கத்தைப் பார்க்கிற மரியாதை.

உன் ஆஃப்செட் மெஷினிலும் கடைசியில் இதே பஞ்சாயத்துதானே? தண்ணீர் கூடினால் மை வெளுக்கும், குறைந்தால் பிளேட்டெல்லாம் அழுக்குப் பிடிக்கும்.

இதெல்லாம் தலைக்கு ஏறியதிலிருந்து பழைய அச்சுகளைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது. முன்பு முகத்தைப் பார்ப்பேன், கிமோனோ மடிப்பைப் பார்ப்பேன். இப்போது பின்னணியைத்தான் பார்க்கிறேன். 1765இல் ஓவியர் ஹருனோபு காலத்தில் இங்கே முழு வண்ண அச்சு தொடங்கியது. அவருடைய சில இரவுக் காட்சிகளில் பின்னால் முழுக் கறுப்பு. அடுத்து வந்த ஓவியர் உத்தமாரோவின் பெண்கள் சிலருக்குப் பின்னால் 1790களில் தட்டையான மஞ்சள். 1830ஐ ஒட்டி ஐரோப்பிய நீலம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் ஓவியர் ஹொகுசாய் ஃபூஜி மலை வரிசை முழுக்க அதைக் கொட்டினார். கொட்டினார் என்று எழுதுகிறேன் பார், அதுதான் அநியாயம். அவர் வரைந்து கொடுத்தார். செதுக்கியது ஒருவர், அச்சடித்தது இன்னொருவர். தாளில் ஓவியர் பெயர் இருக்கும், பதிப்பாளர் முத்திரை இருக்கும். அந்த நீலத்தைத் தேய்த்தவன் பெயர் பெரும்பாலும் இருக்காது.

1930இல் இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்து தாஜ்மகாலைப் பகலிலும் இரவிலும் அச்சாக்கிய ஓவியர் யோஷிதா ஹிரோஷி தன் அச்சுகளின் ஓரத்தில் "ஜிசூரி" என்று முத்திரை குத்துவார். தானே அச்சடித்தது என்று அர்த்தம். அவர் மேற்பார்வையில் கைவினைஞர்களும் அச்சடித்தார்கள். அவருக்குக் கட்டையும் பாரெனும் நன்றாகவே தெரியும், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் அந்த முத்திரையைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு லேசாகக் குறுகுறுக்கிறது.

இப்போது நீ கடைசி மெசேஜில் போகிற போக்கில் சொன்ன விஷயம். புது மெஷின் வந்துவிட்டது, கலரை அதுவே அளந்து சரிசெய்துகொள்கிறது, தீபாவளிக்குப் பிறகு பால்பாண்டி அண்ணனை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்கிறான் உன் மகன். நீ "பார்க்கலாம்" என்றாய். உன் "பார்க்கலாம்" எனக்குத் தெரியும்.

எங்கள் சென்செய் அந்தப் பக்கம் திரும்பி நின்று வேறு யாருடைய கட்டையையோ பார்த்துக்கொண்டிருப்பார். அப்படியே திரும்பாமல் "வசந்தி, பசை போதாது" என்பார். பிரஷ் கட்டையில் உரசுகிற சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அதைக் கேட்டதும் எனக்கு யார் ஞாபகம் வந்தது என்று சொல்ல வேண்டுமா? டீக் கிளாஸோடு வாசலில் நின்றுகொண்டே, உருளைச் சத்தத்தை வைத்து "மை ஜாஸ்தி, குறைடா" என்று உள்ளே கத்துவாரே. அவரிடம் யாராவது அதைக் கற்றுக்கொண்டார்களா? கேட்டு எழுதியாவது வைத்தார்களா? உன் மகன் கணக்கில் தப்பில்லை, பேங்க் தவணையை அவன்தான் கட்டுகிறான். ஆனால் உங்கள் பிரஸ்ஸில் முப்பது வருஷமாக சாலிட் நன்றாக வந்ததற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு, அவர் இன்னும் தினமும் சைக்கிளில் வருகிறார். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் நீ நேரில் சொல். மகனை விட்டுச் சொல்லாதே. அதற்கு முன்னால் இரண்டு பையன்களை அவர் பக்கத்தில் ஒரு சீசன் முழுக்க நிறுத்து. கோபம் வந்தால் வரட்டும், எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதோடு ஒரு நீலச் சதுரம் வைத்திருக்கிறேன். இருப்பதில் நல்லது இதுதான், வலது கீழ் மூலையில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அண்ணனிடம் கொடுத்து லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல். அவர் சொன்னதை அப்படியே எழுது, நீ நடுவில் இனிப்புத் தடவ வேண்டாம். உன் மகனிடம் காட்டாதே, மை அடர்த்தியை அளக்கிற டென்சிட்டோமீட்டரைத் தூக்கிக்கொண்டு வருவான்.

அப்புறம், இந்தச் சூட்டில் நோரி சீக்கிரமே பூசணம் பிடித்துவிடுகிறது. சில சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட்டால் தாங்கும். இங்கே அது யானை விலை. நம் நாட்டு மருந்துக் கடையில் நல்லதாக ஒரு சீசா வாங்கி, கசியாமல் கட்டி, வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடு. சாத்தூர் காராச்சேவும் அரைக்கிலோ. இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடாதே, புண்ணியமாகப் போகும்.

உன்
வசந்தி