தூங்க வைத்த பிறகு யார் பார்ப்பது?

மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். நான் மயக்கவியல் மருத்துவர். மருத்துவ நிறுவனங்களுக்கான தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கிளினிக்குகளையும் ஸ்கேன் மையங்களையும் பார்வையிட்டுப் பதிவு கொடுப்பவர்கள் என்பதால், அங்கே நோயாளிகளுக்கு மயக்கம் கொடுப்பதைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன்.

சின்னக் குழந்தை எம்ஆர்ஐக்குள் அசையாமல் படுக்காது. டிரைக்ளோஃபாஸ் சிரப் கொடுத்துத் தூங்க வைக்கிறார்கள். சில இடங்களில் வீட்டிலேயே கொடுத்துக் கூட்டிவரச் சொல்கிறார்கள். இது உடனே நிற்க வேண்டும். ஆட்டோவில் அம்மா மடியில் உட்கார்ந்தபடி குழந்தை தூங்கிப்போகும். தலை தொங்கி, தாடை நெஞ்சில் முட்டும். அப்படியே மூச்சுப் பாதை அடைபடலாம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அசந்து தூங்குவதாகத்தான் தெரியும். மருந்தின் வேகம் பல மணி நேரம் இருப்பதால் திரும்பிப் போகும் வழியிலும் இதே ஆபத்து உண்டு.

பெரியவர்களுக்கு, உள்ளே கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியில் மிடசோலம் அல்லது புரோபோஃபால் என்ற மயக்க ஊசி போடுகிறார்கள். மருத்துவரின் கண் திரையில் இருக்கும், நர்ஸின் கை கருவியில் இருக்கும். நோயாளியின் மூச்சை யார் பார்ப்பது? விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் போதும் என்பார்கள். போதாது. மூக்கில் ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்தால், மூச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அது 98 சதவீதம் என்றே காட்டும். வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபில் மூச்சு நின்றதுமே கோடு படுத்துவிடும். அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2011லிருந்து மிதமான மயக்கத்துக்கும் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

இன்னொன்று, குழாயை வெளியே எடுத்ததும் 'சரி, முடிந்தது' என்று எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். ஆனால் அதுவரை அந்தக் குழாயின் உறுத்தல்தான் நோயாளியைப் பாதி விழிப்பில் வைத்திருந்திருக்கும். அது போனதும் மயக்கம் இன்னும் ஆழமாகும், மூச்சு மந்தமாகும். மிடசோலத்துக்காவது அதன் வேகத்தை முறிக்க ஃப்ளூமசெனில் என்ற மருந்து இருக்கிறது. புரோபோஃபாலுக்கு அதுவும் இல்லை.

அடுத்த முறை ஆய்வுக்குப் போகும்போது ஃபைலோடு நிறுத்திவிடாதீர்கள். ஊசி போட்டதிலிருந்து நோயாளி தெளியும்வரை, வேறு வேலை எதுவும் இல்லாமல் அவரை மட்டும் கவனிப்பவர் யார் என்று கேளுங்கள். அவரையே கூப்பிட்டு, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள். குழந்தைக்கான சின்ன மாஸ்க் இருக்கிறதா, சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் ஓடுகிறதா என்று பாருங்கள். சிறிய ஊர், வசதி குறைவு என்று காரணம் சொல்வார்கள். ஆள் வைக்க முடியாத இடத்தில் மயக்கம் கொடுக்க அனுமதிக்காதீர்கள். அந்த நோயாளியை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மயக்கவியல் மருத்துவர்